பொதுச் சொத்து

வெள்ளவத்தையில், கடலுக்கு இரண்டு வளவு தள்ளியிருந்துகொண்டு
செம்பு சேர்ப்பவன் முழு முட்டாள்.
உப்புக்காற்று யன்னல் கம்பியைத் தின்று முடித்து
நேரே என் அலுமாரிக்குத்தான் வரும்.
சப்பாத்துப் பெட்டிகளில் பொறுக்கிய
சிலிக்காப் பொட்டலங்களை அடுக்கிவைத்திருக்கிறேன்.
பத்மலோஜினி சொல்வாள்,
முத்திரை சேர்த்திருக்கலாம், ஆல்பத்தோடு முடிந்திருக்கும்.

இப்போது ஆறு.
அமெரிக்கப் பட்டாளத்தின் வெடிமருந்துக் குடுவைகள்,
நுவரெலியாப் பியர்ஸ் பழத்தைத் தட்டையாக்கியது போல.
ஒன்றில் எக்காளம்.
கடற்படையினுடையதில் கயிறு சுற்றிய நங்கூரம்.
தோட்டா என்று ஒன்று வருமுன்
ஒரு சூட்டுக்கு ஒரு அளவு என்று
மருந்தை அளந்து ஊற்றிய வாய்கள்.

முதலாவது கொம்பனித்தெருவில் கிடைத்தது.
துவான் சல்தீனின் கடையில்
கப்பல் விளக்குகளுக்கும் ஒரு தையல் மெஷினுக்கும் நடுவில்.
"பன்னீர்ச் செம்பு, கழுத்துப் போயிட்டுது,
தொள்ளாயிரம் ரூபா தாங்க."
பேரம் பேசவில்லை. பேசியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பார்.
வீட்டில் வந்து பூதக்கண்ணாடியை வைத்தேன்:
ஏம்ஸ், 1838.
கழுகு, நட்சத்திரங்கள்,
நடுவில் ஒன்றையொன்று பற்றிய இரண்டு கைகள்,
கீழே ஒரு பட்டியில், பொதுச் சொத்து.
எந்தக் கப்பலில் வந்து இறங்கியதோ,
எவன் பசிக்கு விற்றானோ.
மருந்து சுமக்கிற பாத்திரத்தில்
கைகுலுக்கலை அச்சடிக்கச் சொன்னவனை
அன்றிரவு முழுக்க யோசித்தேன்.
சேகரிப்பாளர்கள் அதைச் சமாதானக் குடுவை என்கிறார்கள்,
சிரிக்காமல்.

2007, ஆனி மாதம், விடிய மூன்று மணி.
ஒழுங்கை முழுக்கச் சோதனை.
அடையாள அட்டை, பொலிஸ் பதிவு,
எத்தனை பேர், எந்த ஊர், ஏன் கொழும்பு.
அதிகாரி அலுமாரியைத் திறந்தார்.
வெடிமருந்து என்ற சொல்
எந்த மொழியிலும் என் வாயிலிருந்து
வரக்கூடாத இரவு அது.
சல்தீனின் பிழை கைகொடுத்தது:
"பன்னீர்ச் செம்பு, சேர். கலியாணத்துக்கு."
முகர்ந்தார்.
"பன்னீர் மணக்கவில்லையே."
"நாங்கள் கட்டிப் பதினொரு வருஷம், சேர்."
பத்மலோஜினி சிரித்துவிட்டாள்.
அவரும், கொஞ்சம்.

பின்னால் நின்ற பொடியன் அதை வாங்கிக்கொண்டான்.
மீசை சரியாக அரும்பவில்லை.
துவக்கைத் தோளில் தள்ளிவிட்டு
பெருவிரலால் நெம்பை அமத்தினான்.
க்ளிக்.
உள்ளே கதவு திறந்து மூடியது,
எதுவும் கொட்டவில்லை.
மறுபடி அமத்தினான். மறுபடி.
அதிகாரி கட்டிலுக்குக் கீழே டோர்ச் அடிக்கும்வரை
அதுதான் வீட்டில் ஒரே சத்தம்.
பிறகு படத்தைத் தடவி
சிங்களத்தில் கேட்டான்:
யாருடைய கைகள் இவை?
தெரியாது என்றேன்.
அன்றிரவு எல்லாக் கேள்விக்கும் சொன்ன அதே தெரியாது,
இதற்கு மட்டும் உண்மை.
கவனமாகத்தான் திருப்பி வைத்தான்.

பழஞ்செம்பைத் துலக்கக்கூடாது, அது விதி.
துலக்கினால் பாதி விலை போய்விடும்.
ஆனாலும் வியர்வை செம்பைச் சும்மா விடாது.
மூன்றாம் மாதமே பச்சை ஏறிற்று.

கணக்கெழுதிச் சாப்பிடுகிறவன் நான்.
ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன்.
முதலாவதன் பக்கத்தில்:
வில் நன்றாக வேலை செய்கிறது.
முதுகில் சிறு நெளிவு, வாங்கும்போதே இருந்தது.
நெம்பில் பச்சைக் கறை, ரேகை தெரியும்.
வலது பெருவிரல். பெயர் கேட்கவில்லை.
விற்பனைக்கு அல்ல.