நகக்கண்

முறை வைத்துத் தண்ணீர் விடும் வாய்க்காலில்
ஷட்டர் திருகும் லஸ்கர். ஐம்பத்தாறு வயது.
காலைத் தகரம் கிழித்து ஒன்பது நாள்.

திருவாரூர் ஆஸ்பத்திரி, இரவு இரண்டே கால்.
திரையில் சராசரி அழுத்தம் அறுபத்தெட்டு;
மருந்து முட்டுக்கொடுத்து நிற்கும் எண்.
"ஏறிடுச்சா டாக்டர்?"
தையல்நாயகி கேட்கிறாள்.
ஏறிவிட்டது.
முழங்காலில் மட்டும்
நாவல்பழக் கறை படர்கிறது.

ஆள்காட்டி விரல் நகத்தை அழுத்தி விடுகிறேன்.
வெளுத்த இடம் வெளுத்தே கிடக்கிறது.
மேட்டூரில் இத்தனை அடி என்று பேப்பரில் வரும்,
கடைமடையில் நண்டு வளை காய்ந்திருக்கும்.
அவருக்குத் தெரியாததா.

"என்ன எண்ணுறீங்க?"
சொன்னேன். மூன்றுக்குள் சிவக்க வேண்டும்.

லாக்டேட் அனுப்பிவிட்டுத் திரும்பும்போது மணி நாலு.
நூற்றுக்கு எத்தனை பேர் பிழைப்பதில்லை என்ற கணக்கு
என் கோட்டுப் பையில் மடங்கிக் கிடக்கிறது.
அவள் அதைக் கேட்கவில்லை.
அவர் விரலை எடுத்து
அழுத்துகிறாள், விடுகிறாள்,
களத்தில் மரக்கால் பிடித்த குரலில்:

லாபம்,
ரெண்டு,
மூணு,
நாலு,
அஞ்சு

விரலை மாற்றிக்கொண்டு
மறுபடி
லாபம்