லாங் கேஸ்

ஆறாவது வருடமாகத் தேர்வுக்கு வருகிறாள் அஞ்சலாட்சி.
முந்நூறு ரூபாய், மதியம் ஒரு சாப்பாட்டுப் பொட்டலம்,
காடாம்புலியூரிலிருந்து பஸ் மாறி மாறிப்
புதுச்சேரி வந்து சேர்ந்த செலவு.
நாங்கள் அவளை நல்ல கேஸ் என்போம்.
சுருங்கிய வால்வு
புத்தகத்தில் உள்ளபடியே உறுமும்.

மூன்றாம் கட்டிலில்
யாரும் சொல்லாமலே இடப்பக்கம் ஒருக்களிப்பாள்.
சொல்ல மறந்த பையன்கள்
அவள் தயவில் டாக்டர்களாகியிருக்கிறார்கள்.
"இங்க இல்ல தம்பி, இன்னும் கொஞ்சம் கீழ."

இன்று பதினேழாம் எண். தேர்வில் பெயர் கிடையாது.
ஸ்டெத்தை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.
உறுமல் அவளுக்குக் கேட்கவில்லை.
வெளித் தேர்வாளர் பேனா மூடியைக் கடித்தார்.

நாடி பிடித்த கையை விடாமல்
அப்படியே திருப்பிப் பார்த்தாள்.
கறுத்துத் தோலுரிந்து
ரேகை போன விரல்கள்.
"முந்திரி உடைக்கிறீங்களா?"
"ஆமா பாப்பா. ரேசன் கடை மிசினு என்னைய நம்பறதேயில்ல."
"மூணு வாரத்துக்கு ஒரு ஊசி போடணுமே, எங்க போடறீங்க?"
"ஊர்ல இல்லன்னுட்டாங்க.
பண்ருட்டிக்குப் போனா அன்னிக்குக் கூலி போச்சு.
இங்க பரீட்சைக்கு வரப்போ கேக்கலாம்னு நெனைப்பேன்.
எல்லாரும் அவசரமா இருப்பீங்க."

ஆறு வருடம்.
அந்த நெஞ்சை வைத்து
எத்தனை பேரைத் தோற்கடித்திருக்கிறேன் நான்.

மதிப்பெண் தாளில்
நோய் வரலாறு, பரிசோதனை, முடிவு, விவாதம்.
கூலிக்குக் கட்டமில்லை. பஸ்ஸுக்கு இல்லை.
"உறுமல் கேட்காதவளை எப்படி மேடம் வெளியே அனுப்புவது?"
நியாயம்தான்.
நாளை இன்னொரு நெஞ்சில்
அவளுக்குக் கேட்டாக வேண்டும்.
நாற்பத்தொன்பது என்று எழுதினேன்.
அடித்தேன்.
பாடத்திட்டக் குழு பன்னிரண்டாம் தேதி கூடுகிறது,
போன முறை ஒரு பாடத்தின் பெயரை மாற்றினோம்,
முறுக்கு நன்றாயிருந்தது.

சாயங்காலம் மருந்தகத்தில்
பெனிசிலின் இருந்தது. எப்போதுமே இருந்திருக்கிறது.
சோதனை ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம்
அஞ்சலாட்சியும் நானும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.
கடலூர் பஸ் ஒன்று போனது.
அந்தப் பொண்ணு பாஸா என்று கேட்டாள்.
தாள் இன்னும் என் பையில்தான் இருந்தது.

ஊசி போட்டுப் பல வருடமாகிவிட்டது எனக்கு.
திரை மறைவில் பஞ்சால் துடைத்துவிட்டு
இடம் தேடினேன்.
"இங்க இல்ல டாக்டரம்மா," என்றாள்,
"இன்னும் கொஞ்சம் மேல."