பச்சைத் தாள்

குழாய் சாமான் கடைக்கு மேலே, இரண்டாம் மாடி.
படியேறும்போதே வெந்நீர்க் குழாய்கள் இருமும்.
எங்கள் கிளப்புக்கு எண்பத்தாறு வயது,
காப்பி இயந்திரத்துக்கு ஒன்றிரண்டு கூடவே இருக்கும்.

பிப்ரவரி முழுக்கத் தெருவில் நின்றோம்.
கையில் அட்டை, அட்டையில் பச்சைத் தாள்.
ப்ரூக்ளின் குளிரில் பேனா மை இறுகிவிடும்;
அக்குளில் வைத்துச் சூடேற்றி நீட்டுவேன்:
"ஓட்டு இல்லை அம்மா, கையெழுத்துதான்.
எங்கள் ஆளின் பெயர் வாக்குச்சீட்டில் ஏற."
சிலர் நாய் இழுக்கிறது என்று போனார்கள்.
ஒருவர் மூன்றாம் மாடியிலிருந்து கூடை இறக்கி
தாளை மேலே இழுத்து, போட்டுக்கொடுத்து,
கூடவே ஓர் ஆரஞ்சும் அனுப்பினார்.

பதவி என்று பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை.
வட்டத் தலைவர். சம்பளம் கிடையாது.
வாக்குச்சாவடி மேசையில் யார் உட்காருவது,
எந்த வக்கீல் ஒருநாள் நீதிபதி ஆவது,
அவ்வளவுதான்.
அதற்காகத்தான் டெலஹன்ட்டி
முப்பது கோடையாகக் கடற்கரைப் பக்கம் போகவில்லை.

இந்த முறை எதிரே ஒருத்தி.
லின் சியூயிங், பஸ் ஓட்டுநர் மகள், இருபத்தாறு.
கிளப் இல்லை, மாடி இல்லை.
சலவைக்கடையில் துணி சுழன்று முடிவதற்குள்
ஒவ்வொருவராய்ப் பிடித்து
அறுநூற்றுப் பன்னிரண்டு சேர்த்துவிட்டாள்.
தேவை ஐநூறு.

"தோற்கடிக்கக்கூட வேண்டாம், இர்மா.
சீட்டில் வராமல் செய்தால் போதும்."
டெலஹன்ட்டி சிவப்புப் பேனாவை என் உள்ளங்கையில் வைத்தார்,
பாதிரியார் அப்பம் வைப்பதுபோல.

மூன்று இரவுகள்.
வீட்டு எண் இல்லை. கோடு.
வேறு வட்டத்துக்காரர். கோடு.
தேதி மூன்றா எட்டா, தெரியவில்லை. கோடு.
ஒருவர் பெயரைச் சீன எழுத்தில் போட்டிருந்தார்,
தூரிகை தொட்டதுபோல, அவ்வளவு அழகு.
பதிவேட்டில் இருப்பதோ ஆங்கிலக் கிறுக்கல்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பிறகு கோடு.
யார் யார் கையெழுத்தின் தலையெழுத்தோ
என் மடியில் கிடந்தது.

வெள்ளி இரவு பதினொன்றரை.
மிச்சம் சரியாக ஐநூறு.
"இன்னும் ஒன்று," என்றார் தொலைபேசியில் வக்கீல் பிங்கஸ்,
"ஒன்றே ஒன்று, கண்ணைத் தேய்த்துக்கொண்டு பார்."

தாள் நாற்பத்தொன்று, வரி ஆறு.
அனிபல் கரியோன் வெலெஸ்.
என் வீட்டு முகவரி. மார்ச் இரண்டு.

பிப்ரவரி இருபத்தேழிலேயே
என் அட்டையில் போட்டவன்தான் அவன்,
சமையலறையில், நின்றபடி,
தபால்காரனுக்குப் போடுகிற மாதிரி ஒரு வளைவு.
இருவருக்குப் போட்டால் முந்தியதுதான் செல்லும்.
சட்டம் என் பக்கம்.
ஆனால் இங்கே
தாயின் குடும்பப்பெயரையும் சேர்த்து எழுதியிருந்தான்,
எங்கள் கல்யாணப் பதிவில் போட்டதற்குப் பிறகு
அந்தப் பெயரை அவன் எழுதி நான் பார்த்ததில்லை.
கடைசி எழுத்தின் கீழே ஒரு சிறு கோடு.
சலவைக்கடையில் உட்கார்ந்து,
என் சட்டைகளும் உள்ளே சுழல,
நிதானமாக எழுதியிருக்கிறான்.

பேனா முனை தாளைத் தொட்டது.
ஒரு புள்ளி விழுந்தது. அங்கேயே நின்றது.
"இல்லை, பிங்கஸ். வேறு ஒன்றும் இல்லை."

ஜூனில் எங்கள் ஆள்தான் ஜெயித்தார்,
நூற்று நாற்பது ஓட்டில்.
டெலஹன்ட்டி கேக் வெட்டினார்; நானும் கைதட்டினேன்.
யாரும் அந்தத் தாள்களைத் திரும்பப் பிரிக்கவில்லை.

அன்றிரவு வீடு வந்தபோது
சோற்றை மூடிவைத்துக் காத்திருந்தான்.
உப்பை என் பக்கம் நகர்த்தினான்.
"விரலில் என்ன, சிவப்பாக?"
"பேனா கசிந்துவிட்டது."
"வெந்நீரில் கழுவு," என்றான்,
"நாளாவிட்டால் போகாது."