தொண்ணூற்றொரு விழுக்காடு

மார்ச் கடைசியில் தொடங்கியது.
ஹாப்சலு படகுக் கம்பெனியில் இருபத்தாறு பேருக்கும்
ஒரே நொடியில் ஒரே கடிதம்:
அஞ்சல் பெட்டி நிரம்பி வருகிறது. 91 விழுக்காடு.
யாருடைய பெட்டி என்று சொல்லவில்லை.

கணக்குப் பிரிவு வீர்வெ
தன் பெட்டியைக் காலி செய்தார்,
இத்தாலிப் பயணத்துப் படங்களையும் சேர்த்து.
மறுநாளும் வந்தது.
டிக்கெட் கவுன்டர் காவ்ப்போ
மோசடிக் கும்பல் என்று அடித்துச் சொன்னான்.
கடவுச்சொல் கேட்கவில்லையே, என்றேன்.
பணம் கேட்கவில்லை. அழுத்தச் சொல்லி ஒரு சுட்டிகூட இல்லை.
கை நீட்டாத திருடனை
நான் அதுவரை பார்த்ததில்லை.

மின்னஞ்சலின் தலைவரிகளைக்
கீழிருந்து மேலே படிக்க வேண்டும்.
கைமாற்றிவிடும் ஒவ்வொரு இயந்திரமும்
முந்தைய முத்திரைக்கு மேலே
தன் முத்திரையைக் குத்தும்.
புறப்பட்ட இடம் அடியில் கிடக்கும்,
அரிசி களைகையில் தங்கும் கல் போல.

அடி வரியில் ஒரு பெயர் இருந்தது:
காவல்.
எண் எங்கள் கட்டடத்துக்குள் உள்ளதுதான்.
என் பட்டியலில்தான் அப்படி ஒரு இயந்திரம் இல்லை.
முத்திரையில் நேரம் ஒரு மணி பின்தங்கியிருந்தது.
நாங்கள் எல்லாரும் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்து
மூன்று வாரம் ஆகிறது.
அதற்கு யாரும் சொல்லவில்லை.
கோடைக்கணக்கு வந்தது தெரியாமல்
எங்கள் சுவருக்குள் எங்கோ ஒன்று
விழித்துக்கொண்டிருந்தது.

சுவிட்சில் பதினேழாம் துளை.
அதிலிருந்து புறப்பட்ட சாம்பல் நிறக் கம்பியைப்
பிடித்துக்கொண்டே போனேன்.
கூரைத் தகட்டுக்கு மேலே, எலிப் புழுக்கைக்கு நடுவே,
கழிவறைச் சுவரைத் துளைத்து,
படிக்கட்டுக்கு அடியில்
மிதவைச் சட்டைகள் அடுக்கிய அறைக்குள் இறங்கியது.
ஆரஞ்சுச் சட்டைகளை ஒவ்வொன்றாய் விலக்கினேன்.
பின்னால் கதகதப்பு.
தொட்டேன், காய்ச்சல்காரன் நெற்றி.
ஒரு பச்சை விளக்கு.
டேப் ஒட்டிப் பென்சிலில் எழுதியிருந்தது:
அணைக்காதே. ஹெல்துர்.

ஹெல்துர் வேலையை விட்டு ஒன்பது வருடம்.
ஹீயுமா தீவில் செம்மறி வளர்க்கிறாராம்.

போனில் காற்று இரைந்தது.
"அதுவா? இன்னுமா ஓடுது?
ஒரு வாரத்துக்குத்தான் வெச்சேன்.
புது சர்வர் மாத்துன வாரம்."
என்ன செய்யும், என்றேன்.
"ராத்திரி ஒரு சுத்து பாத்துட்டு வந்து
அதோட பெட்டியிலேயே ஒரு கடுதாசி போட்டுக்கும்.
பெட்டி நெறஞ்சா எனக்குச் சொல்லும்.
நான் இல்லேன்னா எல்லாருக்கும் சொல்லும்."
கடவுச்சொல் கேட்டேன்.
செத்துப்போன நாயின் பெயரை
எழுத்து எழுத்தாகச் சொன்னார்.

திறந்தேன்.
நான்காயிரத்துப் பதினாறு கடிதங்கள்.
ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.
முதலாவது: எல்லாம் நலம்.
நடுவில் குருட்டாம்போக்கில் ஒன்று: எல்லாம் நலம்.
புயலில் மின்சாரம் போன ஓர் இரவுக்கு
கடிதம் இல்லை.
அடுத்த இரவு, அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல்,
எல்லாம் நலம்.

பதினோரு வருட நலம்
இருட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி
கடைசியில் மூச்சு முட்டி
எங்களைக் கூப்பிட்டிருக்கிறது.
நாங்கள் எங்கள் குப்பையைக் கூட்டிவிட்டு
போய்ப் படுத்திருக்கிறோம்.

ஒரே அழுத்தலில் அத்தனையும் அழித்தேன்.
அதன் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினேன்.
சட்டைகளைப் பழையபடி அடுக்கி,
அந்தப் பக்கம் மட்டும் கொஞ்சம் இடைவெளி விட்டேன்.
அணைக்கவில்லை.
டேப்பில் எழுதியிருக்கிறதே.

மறுநாள் பத்து மணிக்கு
வீர்வெ காபிக் கோப்பையோடு வந்து நின்றார்.
"இன்னிக்கு அந்தக் கடிதம் வரலையே,
ஏதாவது பிரச்சினையா?"