நூற்றுப் பதினேழு ஆள்

பகாவ் பட்டணத்தில், கோப்பிக்கடைக்கு மேல்மாடி,
வக்கீல் ஆபீஸ்.
கொட்டை வறுக்கும் புகை ஜன்னல் வழி ஏறி
எல்லாக் கோப்புக்கும் ஒரே வாசனை.
பழைய பத்திரிகைகளில் பெயர் தேடுவது
இந்த மாதம் என் வேலை.

கட்சிக்காரர் இராசகிளி.
சிரம்பான் பஸ் முப்பது வருடம் ஓட்டியவர்.
"அப்பா பேரு குப்பமுத்து.
சயாம் ரயிலுக்குப் போனாரு, நான் கைப்புள்ள.
பேப்பர்ல வந்திருக்கும் பாரும்மா,
அம்புட்டு சனம் போயிருக்கே."

தேடினேன்.
யுத்தத்துக்கு முந்திய பக்கங்களில்
'ஆள்' சும்மா திரிந்துகொண்டிருந்தது.
பால் வெட்டப் பழகிய ஆள் தேவை.
கள்ளுக்கடையில் கைகலப்பு, ஓர் ஆளுக்கு மண்டையில் காயம்.
ராஜபார்ட் போட ஆள் வராததால்
டிக்கெட் பணம் திருப்பித் தரப்படும்.

மண்டை இருந்தது, கட்டுப் போட.
வராமல் இருக்க முடிந்தது.

அடுத்த சுருளில் வருடம் 2602.
அச்சுப்பிழை என்று நினைத்தேன்.
இல்லை, வருடத்தையே மாற்றியிருக்கிறார்கள்,
கடிகாரத்தை டோக்கியோவுக்குத் திருப்பிய கையோடு.
ஆள் பலம். ஆள் கணக்கு.
ஆள் ஒன்றுக்கு அரிசி ஆறு கட்டி.
சில மாதம் கழித்து
ஆள் ஒன்றுக்கு நாலு.

2603, ஜூன்:
'சயாமில் ரயில் பாதை வேலை. மூன்றே மாதம்.
நாள் ஒன்றுக்கு ஒரு வெள்ளி.
இவ்வட்டாரத்திலிருந்து நூற்றிருபது ஆள்.'

ஆட்கள் என்றுகூட இல்லை.
பத்து வெள்ளி, நாலு படி, நூற்றிருபது ஆள்.
எண் முன்னால் நின்றால் பன்மை வேண்டாம்,
அந்தச் சலுகை அஃறிணைக்கு மட்டும் என்று
ஐந்தாம் படிவத்தில் படித்தது.

அதே பக்கம், கீழ் மூலை:
'காணவில்லை. பச்சை நிற சைக்கிள், எண் 4417,
மணி உடைந்திருக்கும்.
கண்டு தருவோருக்குத் தக்க சன்மானம்.'

பத்து நாள் தள்ளி நாலே வரி:
'நூற்றுப் பதினேழு ஆள் உற்சாகத்துடன் புறப்பட்டது.'

புறப்பட்டது.

வாசித்துக் காட்டினேன்.
உற்சாகம் அவர் காதில் விழவில்லை.
"மீதி மூணு?" என்றார்.
டிக்கெட்டும் தலையும் ஒத்துவராமல்
வண்டி எடுத்ததே இல்லையாம்.
விரல் மடக்கினார். "லாரியிலருந்து குதிச்சவன் மாடக்கண்ணு.
செம்பனக் காட்டுல பூந்துக்கிட்டான்.
காய்ச்சல்னு படுத்தவன் பொன்னப்பன்.
மூணாவது யாரு... இரு, வந்துரும்."
வரவில்லை.
போகாத இருவருக்குப் பெயர் கிடைத்தது.
எழுதிக்கொண்டேன், வழக்குக்கு உதவாது என்று தெரிந்தே.

1946, மார்ச்:
'திரும்பி வந்த ஆள் முப்பத்தொன்று.
மற்ற விபரம் பின்னர்.'
அந்தப் பின்னரைத் தேடி
ஐம்பதாம் வருடம் வரை போனேன்.
கண்தான் எரிந்தது.

அச்செடுத்த தாளைக் கையில் வாங்கி
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
அந்தச் சொல்லின் மேல் நகத்தை வைத்தார்.
"இதுல எது எங்கப்பா?"

கோர்ட்டுக்கு மலாயில் வேண்டும்.
தட்டச்சு செய்தேன்: 117 ஓராங்.
மாட்டை எண்ண எக்கோர், மரத்தை எண்ண பத்தாங்.
மனிதரை எண்ணினால் மட்டும் ஓராங்.
விரல்கள் அதன்மேல் கொஞ்சநேரம் நின்றுவிட்டன.
என்னை மீறி என்றோ,
இலக்கணம் அப்படி என்றோ வைத்துக்கொள்ளுங்கள்.

"படி," என்றார். படித்தேன்.
அவரும் சொல்லிப் பார்த்தார்,
கண்ணாடியில் பின்சீட்டு வரை பார்க்கிற ஓட்டுநர் குரலில்,
செராத்துஸ் துஜோ பெலாஸ் ஓராங்.
மறுபடியும் ஒரு தடவை, மெதுவாக.

கையெழுத்துப் போட்டு
கைப்பிடியைப் பிடித்துப் பக்கவாட்டில் இறங்கினார்.
பாதிப் படியில் நின்று
மேலே பார்த்துக் கேட்டார்:

"அந்த சைக்கிளு கெடச்சுதாமா?"