பில்லுக்குப் பெயர்

வாகீசன் என்று அவனுக்கு வராது.
வாகேசன் என்பான்.
நோர்வூட்டுக்கு மேலே ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து
பதினொரு வயதில் எங்கள் வீட்டுக்கு வந்தான்,
ஒரு பொலித்தீன் பையோடு, கம்பளிச் சட்டையோடு.
வெள்ளவத்தை வெக்கையில் அந்தச் சட்டையை
ஒரு கிழமையாய்க் கழற்றவேயில்லை.

எனக்கும் பதினொன்று.
நான் பள்ளிக்கூடம் போக,
அவன் கார் கழுவ, மீன் வெட்ட,
என் சப்பாத்துக்கு வெள்ளை பூச.

நாலரைக்கு மேல் எங்களுக்குக் கடல்.
ஒழுங்கை முடிகிற இடத்தில் தண்டவாளம், அதற்கப்பால் பாறை.
இடது காதை இரும்பில் வைத்துக் கேட்பான்.
"பாணந்துறைப் பக்கமிருந்து வருது. நூறு எண்ணு."
எண்பத்தேழில் வந்துவிடும்.
ரயில் போனபின்
ஐம்பது சதம் நசுங்கிக் கிடக்கும்,
சூடாக, யாருடைய முத்திரையும் இல்லாமல்.

அவனுக்கென்று ஒரு எனாமல் கோப்பை
பைப்படியில் கவிழ்ந்திருக்கும்.
ஒருநாள் அதில் தண்ணீர் குடித்தேன்.
அம்மா அடிக்கவில்லை.
என் வாயைச் சோப்புப் போட்டுக் கழுவினா.
பார்த்துக்கொண்டு நின்ற மருதவீரன்
பிறகு போய்க் கோப்பையையும் கழுவினான்,
இரண்டு தரம்.

கோட்டையில் குண்டு வெடித்த அந்த வாரம்
இரவு ஒரு மணிக்குக் கதவைத் தட்டினார்கள்.
பொலிஸ் பதிவுத் தாளை அப்பா நீட்டினார்.
தாளில் நாலு பேர்.
கூடத்தில் ஐந்து பேர் நின்றோம்.
இடம் இல்லாமல் இல்லை,
நாலாவது பெயருக்குக் கீழே
கோடு கோடாய் வெறுமையாகக் கிடந்தது.

"மே கவுத?"
டோர்ச் வெளிச்சம் அவன் முகத்தில்.
அப்பாவின் சிங்களம் கந்தோருக்கு வெளியே ஓடாது,
அம்மாவுடையது மீன்காரனோடு சரி.
பக்கத்து வளவுக் கிரிக்கெட்டில் பொறுக்கியெடுத்து
தண்ணீர்போலப் பேசுகிறவன் நான்தான்.
எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
அவனும்.

"அபே கெனெக் நெமெயி."
எங்கட ஆளில்லை.

உச்சரிப்பில் ஒரு பிழையும் இல்லை.
நல்லாய்ப் பேசுகிறாயே மல்லி என்று
வந்தவர் என் தலையைத் தடவினார்.
சாரத்தோடு, செருப்பில்லாமல்
அவனை ஜீப்பில் ஏற்றினார்கள்.

ஒன்பது நாள்.
அப்பா சட்டத்தரணி பிடித்தார், காசு கட்டினார்.
எவ்வளவு என்று இன்றைக்கும் சொல்லுவார்.

வந்தவனின் இடது காதில் பஞ்சு.
சப்பாத்து இரண்டையும் என் அறை வாசலில் வைத்தான்.
"வெள்ளை பூசியாச்சு, சின்னதொரை."
பகிடி என்று நினைத்துச் சிரித்தேன்.
என் சிரிப்பு முடியும்வரை
குனிந்தபடியே நின்றான்.
சித்திரைக்கு ஊருக்குப் போனவன் திரும்பவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஆமர் வீதியில்,
அம்மாவின் குளியலறைக்கு ஒரு குழாய் வாங்க.
கல்லாவில் இருந்தவர்
வருகிறவர்களுக்கெல்லாம் வலது காதைத் திருப்பினார்.
முகத்தை அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

பித்தளையா, பிளாஸ்டிக்கா என்றான்.
பித்தளை என்றேன்.
இருபத்தெட்டு வருடத்தில் நான் அவனுக்குச் சொன்னது அது.

"பில்லுக்குப் பெயர்?"
வாகீசன்.
ஈயை நன்றாக இழுத்துத்தான் சொன்னேன்.
வலது காது என் பக்கம்தான் இருந்தது.
எழுதினான், கிழித்தான்,
மீதிக் காசைக் கண்ணாடி மேசையில் வைத்தான்.
"அடுத்த ஆள்."

பஸ்ஸில் ஏறி, சீட் கிடைத்து, பிறகுதான் விரித்தேன்.
வாகேசன்.

மருதானையில் இறங்கி பஸ் மாற வேண்டும்.
இறங்கவில்லை.

குழாய் இன்னும் பெட்டிக்குள்.
வாங்கிய பொருளை ஏழு நாளுக்குள்
பில்லோடு வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று
தாளின் அடியில் சின்னதாய் அச்சடித்திருக்கிறது.
இன்றைக்கு ஆறாவது நாள்.