முன்பணத்துக்கு முன்

பூஜையறை, மாடிப்படி, கடல் தெரியும் ஜன்னல்
எல்லாம் காட்டினார் நம்புராஜன்.
தங்கச்சிமடத்தில் இந்த விலைக்கு
இப்படி ஒரு வீடு அமையாது என்றார்.
தொட்டி எங்கே என்றேன்.
மொட்டைமாடியைக் கை காட்டினார்.
நான் கேட்டது கீழே இருப்பதை.

பட்டா கேட்பார்கள், வில்லங்கம் கேட்பார்கள்,
வாசல் எந்தத் திசை என்று கேட்பார்கள்.
இதைக் கேட்டு வந்த ஆளை
இப்போதுதான் பார்க்கிறாராம்.
மண்டபத்தில் ஐஸ் கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன்,
ஒரு ரூபாய் உதைத்தாலும் தூக்கம் வராது
என்று அவரிடம் சொல்லவில்லை.

முருங்கைக்குப் பின்னால்
துவைகல்லுக்கு அடியில் கிடந்தது மூடி.
கட்டிய நாளிலிருந்து திறந்ததே இல்லை என்றார் வீட்டுக்காரர்,
பதினாறு வருஷம், ஏழு பேர்,
ஒருதரம்கூட நிறையவில்லை,
ராசியான தொட்டி.

நிறையாத தொட்டியை நான் நம்புவதில்லை.

லாரி கொண்டுவந்த சேசையா
வாடகை சொல்வதற்கு முன்பே சொன்னான்:
'உள்ள எறங்க மாட்டேன்க்கா.'
யாரும் இறங்க வேண்டாம் என்றேன்.
நீளக் குழாயின் நுனியில் வெள்ளைத் துணி சுற்றி
மெல்ல விட்டான்.
இரண்டடி ஈரம்.
அப்புறம் எதிலும் முட்டாமல்
நறநறவென்று போய்க்கொண்டே இருந்தது குழாய்.
'அடியே இல்லக்கா. நாலு உறைய எறக்கி
மேல மூடிப்புட்டாக.
எல்லாம் மணலுக்குத்தான்.'

கிணற்றுக்கு நடந்து பார்த்தேன்,
பதினோரு எட்டு.
கழிவறையில் சொட்டு நீலம் மூன்று புட்டி கவிழ்த்து
வாளி வாளியாகத் தண்ணீர் விட்டேன்.
ஐந்து நாள் கழித்து வருகிறேன் என்றதும்
நம்புராஜன் வீட்டுக்காரரைப் பார்த்தார்,
வீட்டுக்காரர் முருங்கையைப் பார்த்தார்.

ஐந்தாம் நாள் இறைத்த தண்ணீர்
கண்ணாடி மாதிரி இருந்தது.
சரிதானே என்று முன்பண ரசீதை விரித்தார் நம்புராஜன்.
அப்போதுதான் வடக்குச் சுவருக்கு மேல்
ஒரு பள்ளிக்கூடச் சட்டை எழுந்து வந்தது.
பின்னால் சலேத்தம்மாளின் முகம்.
'வெளுக்கத்தான் போட்டேன்.
நீலமே விடல. பாருங்க.'

கடலைப் பார்த்து நடக்கிறது இந்தத் தண்ணீர்.
வழியில் அவள் கிணறு.
கஞ்சி அதில்தான்,
பிள்ளைக்கு வயிற்றாலை போகும்போது
ஆற்றிக் கொடுத்ததும் அதில்தான்.
எனக்குக் கேட்கட்டும் என்று சொல்லவில்லை அவள்,
சட்டையை முகர்ந்துகொண்டே
தனக்குத்தானே எண்ணிக்கொண்டிருந்தாள்.

'உங்க கிணத்துக்கு ஒண்ணும் இல்லையே,'
வீட்டுக்காரர் குரலைத் தாழ்த்தினார்.
ரெண்டு லட்சம் குறைத்தார்.
அந்த ஜன்னல் எனக்குப் பிடித்திருந்தது,
அதையும் சொல்லிவிட வேண்டும்.

தளம் போட்ட தொட்டிக்குக் கொத்தனார் சொன்ன தொகையைக்
கழித்தேன்.
கட்டி முடித்து, தண்ணீர் ஊற்றி நிறுத்திப் பார்த்தபிறகே மீதிப் பணம்
என்று முதல் ஷரத்தாக எழுதச் சொன்னேன்.
பத்திரம் எழுதுபவர் பேனாவை நிறுத்தி
மூக்குக்கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.
பிறகு நான்கெல்லைக்கு வந்தார்.
வடக்கே சலேத்தம்மாள் மனை என்று வாசித்தார்.

மனையை அடியுங்கள் என்றேன்.
கிணறு என்று போடுங்கள்.